பண்படுத்தவும் காக்கவும்

கனகராஜ் சாமியைப் பற்றிப் பேசும்போது இன்றும் என் வாயில் ‘சாமி’ என்றுதான் வருகிறது. அது பழக்கம். மரியாதை என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுபத்திரண்டாம் வருஷம் தவக்காலத்தில் அவர் எங்கள் கோயில் பங்குக்குக் குருவாக வந்தார். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவில் ஒரு துண்டு மணலில் எங்கள் குப்பம் இருந்தது. சாந்தோம் பெரிய கோயில் மணி, காற்று எங்கள் பக்கம் அடிக்கிற நாளில் கேட்கும். எங்களுக்கென்று ஓடு வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று, அடைக்கல மாதா கோயில். ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் கழிக்குப் போவார்கள். எல்லாரும் கடலைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் கடல் கைவிட்ட நாட்களில் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது கழியால்தான்.

கழி என்றால் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து தேங்கி நிற்கிற இடம். இடுப்பளவு ஆழம். பெண்கள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி, அடிச்சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கழுத்தில் ஓலைக்கூடை தொங்கும். கை இரண்டும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். என் அண்ணி புஷ்பம் அதில் கெட்டிக்காரி. அவள் கை பட்ட இறால் தப்பித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தால் அந்தத் தண்ணீரையும் கழிதான் வாங்கிக்கொள்ளும். அதனால் எங்கள் குடிசைகளுக்குள் தண்ணீர் வந்ததில்லை.

எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. நான் படித்துவிட்டேன். கன்னியர் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, நாற்பது தாண்டிவிட்டது, அண்ணன் வீட்டில் இருந்தேன். குப்பத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படிப்பவள் நான். ரேஷன் கார்டோ, தெருக்குழாயோ, மனு எழுத வேண்டுமென்றால் எழுதுபவள் நான். ஆரோக்கியமேரி எழுதினால் நடக்கும் என்று எனக்கொரு பெயர் இருந்தது. நாக்கு நீளம் என்றும் பெயர் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

சாமியார்களை நான் லேசில் நம்புகிறவள் இல்லை. எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. பங்குக்கு வருவார்கள், மாதா திருவிழாவுக்கு எத்தனை தேர் என்று கேட்பார்கள், மாறிப் போவார்கள். கனகராஜ் சாமி என்னைவிடப் பத்து வயது சின்னவர், தூத்துக்குடிப் பக்கம். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவர் பாவத்தைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ பேசவில்லை. மீனைப் பற்றிப் பேசினார். கடவுள் மீனைப் படைத்த நாளில் மனிதன் இல்லை, மனிதன் வருவதற்கு முன்பே அதை நல்லது என்று கடவுள் பார்த்தார், நமக்கு உதவுகிறது என்பதால் அது நல்லதாகவில்லை, அது நல்லது, அவ்வளவுதான் என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். வெளியே வந்ததும் அண்ணி, “அப்ப இறாலு நமக்கு அக்கா முறை ஆவுது. அக்காவத்தான் கொழம்பு வெச்சு துன்னுகினு கீறோமா?” என்று கேட்டுச் சிரிக்க வைத்தாள். அன்றைக்கு முழுக்க அந்தப் பிரசங்கம் என் தலையில் இருந்தது.

அவர் வேறு மாதிரி ஆள் என்று நான் முடிவு செய்தது பாவசங்கீர்த்தன விஷயத்தில். பாவத்தைச் சொல்லுமுன் நமக்கு நாமே கேட்டுக்கொள்கிற ஆத்தும சோதனைக்கு அவர் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தார்: தண்ணீரை அசுத்தம் செய்தேனா? நான் நேரே அறைவீட்டுக்குப் போனேன். குருவானவர் குடியிருக்கிற வீட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கழியில் லாரி லாரியாகக் கட்டடக் குப்பையையும் கருப்புத் தண்ணீரையும் கொட்டுகிறவன் எங்கள் கோயிலில் முழங்கால் போடுவதில்லை, முழங்கால் போடுகிறவள் அந்தத் தண்ணீரில் நின்று புண் வந்தவள், இந்தக் கேள்வியை நீங்கள் தப்பான ஆளிடம் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். வேறு சாமியாராக இருந்தால் என்னைக் கோயில் படி ஏறவிட்டிருக்க மாட்டார். இவர் தலையைக் குனிந்து கேட்டார். அடுத்த ஞாயிறு, நான் சொன்னதை அப்படியே பிரசங்கத்தில் சொன்னார், என்னிடமிருந்து கேட்டதாகப் பெயரோடு சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு என்னைப் பூசையில் வேதத்திலிருந்து முதல் வாசகம் வாசிக்கச் சொன்னார். பொம்பிளை வாசிப்பதா என்று நாலு கிழவர்கள் முணுமுணுத்தார்கள். பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிக்கு வெளியே நின்றுதான் வாசித்தேன். ஆனாலும் என் குரல் அந்தக் கோயிலுக்குள் ஒலித்தது. நான் நம்ப ஆரம்பித்தது அப்போதுதான்.

எழுபத்துமூன்று மே மாதம் ஒருநாள் காலையில் கழி முழுக்க மீன் செத்து மிதந்தது. மடவை மீன் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கரை ஓரமாகச் சேர்ந்து கிடந்தது. முந்தின இரண்டு நாளாக மேலே எங்கிருந்தோ நுரை நுரையாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெண்கள் கூடையை வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றார்கள். யார் சொன்னார்களோ, சாமி வந்துவிட்டார். வெள்ளை அங்கியை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, செத்த மீன் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை இன்றும் தின்கிறது.

அரசாங்கத்துக்கு மனு போட வேண்டும், நீங்கள் எழுதுங்கள் டீச்சர் என்று அன்றே சொன்னார். நான் இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். குப்பை கொட்டுவதை நிறுத்த வேண்டும், மேலே இருந்து வருகிற கழிவுத் தண்ணீரை யார் விடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும், முகத்துவாரத்தில் அடைத்திருக்கிற மணலை வெட்டிவிட்டுக் கடல் தண்ணீர் வர வழி செய்ய வேண்டும், கழியைக் கழியாகவே விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருந்தேன். சாமி படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“டீச்சர், நீங்க எழுதினது எல்லாம் உண்மை. ஆனா மூணு பக்கம் படிக்கறதுக்கு அங்க ஆள் கிடையாது. ஏதேன் தோட்டத்துல மனுஷனைக் கடவுள் எதுக்கு வச்சார்? பண்படுத்தவும் காக்கவும். அந்த ரெண்டு வார்த்தை போதும். அதுல எல்லாமே அடங்கிருது.”

எனக்குப் புல்லரித்தது. வேத வார்த்தையையே மனுவாகப் போடுவதா! இதைவிடப் பெரிய மனு உலகத்தில் எவள் எழுதியிருக்கிறாள் என்று மனதுக்குள் ஒரு கர்வம்கூட வந்தது. மூன்று பக்கத்தையும் அவரே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நான் புதுத் தாளில் என் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே வாக்கியம் எழுதினேன். ‘கீழே கண்ட குப்பத்து மக்களாகிய நாங்கள், எங்கள் குடியிருப்பை அடுத்துள்ள கழியைத் தாங்கள் பண்படுத்தவும் காக்கவும் வேண்டுமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ அடியில் முதல் கையெழுத்து என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பாய் விரித்து மைப்பெட்டியோடு உட்கார்ந்தேன். மாதா கோயில் பிள்ளைகள் மட்டுமில்லை, ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பாஞ்சாலி அழைத்துக்கொண்டு வந்த பெண்களும் வந்திருந்தார்கள். பாஞ்சாலி மாரியாத்தாளுக்குத் தீ மிதிக்கிறவள். ஆனால் கழியில் அவளும் எங்களோடுதான் தடவினாள், சேறு யார் எந்தக் கோயில் என்று கேட்பதில்லை. நான் மனுவை உரக்கப் படித்துக் காட்டினேன். பாஞ்சாலி மட்டும் விடவில்லை.

“பண்படுத்தறதுன்னா இன்னா மேரி டீச்சர்?”

நான் யோசிக்கவே இல்லை. “நல்லா பாத்துக்கறதுதான். புள்ளையப் பாத்துக்கற மாதிரி,” என்றேன்.

சாமி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். தலையை ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. ஒரு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். பாஞ்சாலி திருப்தியாகி விரலை நீட்டினாள். அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் வைத்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏழு பேர்; மீதி எல்லாம் பெருவிரல். ஒவ்வொரு விரலையும் நானே பிடித்து மையில் அழுத்தி, தாளில் அழுத்தி எடுத்தேன். வருஷக்கணக்காகச் சேற்றில் தடவித் தடவிச் சில விரல்களில் ரேகையே தேய்ந்திருந்தது. இரண்டு மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது.

மனுவைச் சாமியே கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு ஜூன், ஜூலை, ஆகஸ்ட். பதில் இல்லை. கேட்டால் சாமி, பொறுமை டீச்சர் என்பார். செப்டம்பரில் மாதா பிறந்த நாள் திருவிழா முடிந்து கொடி இறக்கிய மறுநாள் காலை லாரிகள் வந்தன. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எண்ணெய் தேய்த்த தலையோடு அண்ணி ஓடி வந்தாள். கழி ஓரத்தில் செம்மண்ணும் இடித்த கட்டடச் செங்கல்லும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே ஒரு வீட்டு அகலத்துக்குத் தண்ணீர் இல்லை. இரண்டு பேர் முள்கம்பிக்குக் கல்தூண் நட்டார்கள். ஒரு தகரப் பலகையும் நட்டிருந்தார்கள், பச்சை நிறம், வெள்ளை எழுத்து. பெண்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு அது வெறும் பலகை. என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

“படி டீச்சர், இன்னா போட்டுக்கீறாங்க?” என்றாள் பாஞ்சாலி.

படித்தேன். கோயிலில் வாசகம் வாசிக்கிற அதே குரலில்தான் ஆரம்பித்தேன். ‘பொதுமக்களின் மனுவின் பேரில் இந்நிலம் பண்படுத்தப்படுகிறது. அத்துமீறி உள்ளே நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.’ பாதியிலேயே என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினாலும் மிச்சத்தை வேறு யாராவது வந்து படிக்கத்தான் போகிறார்கள். படித்து முடித்தேன். லாரி பின்பக்கம் தூக்கி மண் சரிகிற சத்தம் மட்டும் கேட்டது. பாஞ்சாலி என் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் புரியாமல் பார்த்தாள்.

எங்கேயோ தவறு நடந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுகூட எனக்குச் சாமி மேல் சந்தேகமே வரவில்லை. சர்க்கார் ஆபீஸில் எவனோ தமிழ் தெரியாதவன் குழப்பியிருக்கிறான், சாமிக்குத் தெரிந்தால் துடித்துப் போவார், அவர் துடிப்பதற்கு முன்னால் நானே போய்ச் சரிசெய்துவிட வேண்டும் என்று பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மனு கொடுத்திருந்த சர்க்கார் ஆபீஸில் அது இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சிதம்பரநாதன் என்று ஒரு தலைமை எழுத்தர், நெற்றியில் திருநீறு, ரொம்ப மரியாதையான மனிதர். உட்காருங்கள் அம்மா என்று நாற்காலி போட்டார். எந்த மனு என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

“அந்தக் கையெழுத்து உங்களதா? இந்த சீட்டுல பதினெட்டு வருஷமா இருக்கேன், இவ்வளவு தெளிவான மனு பார்த்ததில்லை. நிலத்தைப் பண்படுத்தறதுன்னா மேடு பள்ளம் இல்லாம மண்ணடிச்சுச் சமன் பண்றது. காக்கறதுன்னா வேலி, காவலாளி. நீங்க ரெண்டையும் கேட்டீங்க, ரெண்டையும் செஞ்சாச்சு.”

நான் அவருக்கு ஏதேன் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு சர்க்கார் ஆபீஸில், மின்விசிறி தாளை எல்லாம் தூக்கி அடிக்கிற இடத்தில், நெற்றியில் திருநீறு வைத்த மனிதரிடம், கடவுள் ஆதாமிடம் என்ன சொன்னார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், நீங்கள் தோட்டம் என்று எழுதவில்லையே அம்மா, கழி என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், கழியைப் பண்படுத்தினால் அது தரையாகத்தானே ஆகும் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானே ஊன்றி எழுதிய வார்த்தை அது.

அதற்குள் அவர் ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தார். சந்தேகம் இருந்தால் கூடவே சாமியார் கடிதமும் இருக்கிறதே, பாருங்கள் என்றார்.

எங்கள் மனுவுக்கு மேலே ஒரு கடிதம் தைத்திருந்தது. அதில் இருந்தது கனகராஜ் சாமியின் கையெழுத்து. மேற்படி குப்பத்து மக்கள் கழியை மண்ணிட்டுச் சமப்படுத்தித் தருமாறு ஏகமனதாகக் கேட்கிறார்கள், அவ்விடம் சமப்பட்டதும் ஏழைகளின் ஆன்ம நலனுக்காகத் தியான இல்லம் ஒன்று கட்ட எங்கள் அறக்கட்டளைக்கு ஒதுக்கித் தர வேண்டும் என்று இருந்தது. அடியில் நீலத்தாளில் ஒரு வரைபடம். முப்பது அறை, ஒரு சிற்றாலயம், கடலைப் பார்த்த முற்றம். வரைந்த தேதி மார்ச் பன்னிரண்டு.

மீன் செத்தது மே மாதம். அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே அவர் கழியின் மேல் முப்பது அறை வரைந்து வைத்திருந்தார். பிறகுதான் அங்கியைச் சுருட்டிக்கொண்டு இறங்கி மீனை எடுத்து அழுதார். பிறகுதான் என் மூன்று பக்கத்தைக் கிழித்தார். பாஞ்சாலி கேட்டபோது குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாம் ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தது. தண்ணீர் வேண்டுமா அம்மா என்று சிதம்பரநாதன் கேட்டார். மனுவைத் திரும்பப் பெற என்ன வழி என்று கேட்டேன். மண்வேலை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, அதே நூற்றுப் பன்னிரண்டு பேரும், குறைந்தபட்சம் பாதிப் பேராவது, வேண்டாமென்று புதிதாகக் கைநாட்டு வைத்துக் கொடுத்தால் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது, மழைக்கு முன் கொண்டுவாருங்கள் என்று அவரே சொன்னார். நல்ல மனிதர்.

நேரே அறைவீட்டுக்குப் போனேன். சாமி எழுதிக்கொண்டிருந்தார். வரைபடத்தின் தேதியைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். மறுக்கவில்லை, அந்த மட்டும் நல்லது.

“டீச்சர், அந்தக் கழி எப்படியும் போயிரும். அடையாறுல பங்களா கட்டறவங்க எப்பவோ கண்ணு வச்சாச்சு. அவங்க எடுக்கதுக்கு முந்தி நாம எடுத்தா அந்த இடத்துல செபம் நடக்கும், புள்ளைகளுக்குத் தையல் கிளாஸ் நடக்கும், நம்ம ஆளுகளுக்கு வேலை கிடைக்கும். நான் எனக்காகக் கேட்கல்ல.”

அப்படியானால் எங்களிடம் சொல்லியிருக்கலாமே, பங்களாக்காரனா சாமியாரா என்று நாங்களே முடிவு செய்திருப்போமே என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்களா?”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார், கணக்கு கேட்கிற மாதிரி இல்லை, குத்திக் காட்டுகிற மாதிரியும் இல்லை. அந்த ஒரு கேள்வியில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னை வாசிக்க வைத்தது, என் பேச்சைப் பிரசங்கத்தில் சொன்னது, எல்லாமே அந்த நூற்றுச் சொச்சம் பெருவிரலுக்காகத்தானா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவேனோ என்று அதைவிடப் பயம்.

“பொய் சொல்லியிருந்தீங்கன்னா பரவால்ல சாமி. கடவுள் வார்த்தைய எடுத்து எங்க தலையில போட்டீங்களே,” என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசகத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மறுபடி பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலமே புது மனு எழுதினேன். இந்தத் தடவை வேதம் இல்லை, தாழ்மை இல்லை, அழகு இல்லை. ‘கழியில் மண் கொட்ட வேண்டாம். போட்ட மண்ணை எடுத்துவிடுங்கள். வேலி வேண்டாம். எங்களுக்குத் தண்ணீர்தான் வேண்டும். இதற்கு முன் கொடுத்த மனுவை நாங்கள் புரியாமல் கொடுத்துவிட்டோம்.’ பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற மாதிரி எழுதி, என் கையெழுத்தைப் போட்டு, மறுநாள் சனிக்கிழமை காலையில் மைப்பெட்டியோடு வீடு வீடாகக் கிளம்பினேன். ஒவ்வொரு வாசலிலும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சாமி செய்ததைச் சொன்னேன், நான் செய்த முட்டாள்தனத்தையும் சொன்னேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். ஒருத்தி விரலில் வெட்டுக்காயம் என்றாள். ஒருத்தி அவர் கடலிலிருந்து வரட்டும், கேட்டுக்கொண்டு வைக்கிறேன் என்றாள். இன்னொரு வீட்டில் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே, நாளைக்கு வா டீச்சர் என்றார்கள். பாஞ்சாலி ஆற்றோரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் மனுவைப் படித்துக் காட்டியதும் கையைப் புடவையில் துடைத்தாள், வைக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பிக் கல்லில் துணியை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். மத்தியானம் வரைக்கும் எழுபது வீடு ஏறி இறங்கிவிட்டேன். தாளில் என் கையெழுத்தைத் தவிர ஒரு கீறல் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். அண்ணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவளாவது வைப்பாள், ஒரே வீட்டில் பத்தொன்பது வருஷமாக ஒரே பானையில் சாப்பிடுகிறோம், அவள் ஒருத்தி வைத்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று நினைத்தேன். படி என்றாள். படித்தேன். கஞ்சியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். தாளை வாங்கி, எழுத்துகளின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடமே கொடுத்துவிட்டாள்.

“நல்லா கீது மேரி. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒன்ன நான் நம்பறேன். இத்தத்தான் நம்ப முடியல. ஒரு தபா கை வெச்சோம், கழி போச்சு. இன்னொரு தபா வெச்சா குடிசை போவாதுன்னு இன்னா நிச்சயம்? நாம ஒண்ணு சொல்றோம், அங்க போய் அது வேற ஒண்ணா ஆவுது.”

இது வேற, இதில் ஒளிவு மறைவே இல்லை, நானே பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன் அண்ணி என்றேன். அதையும்தான் நீயே பார்த்துப் பார்த்து எழுதினாய் என்றாள். அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, காலிக்கூடையை எடுத்துக்கொண்டு மிச்சமிருக்கிற தண்ணீரில் ஏதாவது அகப்படுமா என்று பார்க்கப் போய்விட்டாள்.

லாரிகள் வந்துகொண்டிருந்தன. சோற்றைத் தொடாமல் மனுவை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? ‘போட்ட மண்ணை எடுத்துவிடுங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். எங்கள் குடிசைகள் நிற்பதும் மண்ணில்தானே. ‘வேலி வேண்டாம்’, ‘புரியாமல் கொடுத்துவிட்டோம்’. புரியாதவர்களுக்கு அந்த இடத்தில் என்ன உரிமை என்று எவனாவது கேட்பானோ. நான் எழுதிய ஐந்து வாக்கியத்தையும் முதலிலிருந்து மறுபடி படித்தேன், ஒவ்வொரு சொல்லாக, இதில் எந்தச் சொல்லுக்குள்ளிருந்து லாரி வரும் என்று தேடிக்கொண்டு.